வெள்ளை எழுத்துக்கு ஏற்ற மென்பொருள்

என் அன்புக்கும் பயத்துக்கும் உரிய அத்தானுக்கு,

நீங்கள் இருந்தவரை தீராத விடயம் தீர்ந்துவிட்டது. போன வியாழக்கிழமை பிற்பகல் உங்கள் முரசுமோட்டை வீட்டு விறாந்தையில், நம் மூவர் குழுவில் உயிரோடு எஞ்சியிருக்கும் இரண்டு உறுப்பினர்களும் கூடினோம். உங்கள் தகரப் பேருந்தின் நெற்றிக்கு அக்காவின் பெயரை எந்த மென்பொருளில் தயாரிப்பது என்று ஏகமனதாக முடிவெடுத்தோம். முடிவு அறிவிக்கப்பட்டபோது நான் எழுந்து நின்றேன். கந்தசாமி மாஸ்ரரும் எழ முயன்றார். முழங்கால் விடவில்லை.

நான்கு வருடங்கள், அத்தான். நாட்டில் சமாதானப் பேச்சு தொடங்கி, நடந்து, நின்று, பாதையும் பூட்டுப்பட்ட அதே காலம். இரண்டு பேச்சுகளிலும் தேத்தண்ணிக்குக் குறைவிருக்கவில்லை.

இந்தக் கடிதம் உங்கள் முப்பத்தோராம் நாள் நினைவுப் புத்தகத்தில், தேவாரங்களுக்கும் நன்றி நவிலலுக்கும் நடுவே வரப்போகிறது. ஆகவே உங்களுக்குத் தெரிந்ததையும் உங்களுக்கே சொல்லவேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கோ. இனி உங்களுக்கு அவசரம் என்ன?

உங்கள் பேருந்து கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் ஓடியது. சிவப்பு உடம்பு, நெற்றியில் வெள்ளை எழுத்தில் 'மனோன்மணி'. அக்காவைக் கலியாணம் முடித்த வருடம் வாங்கினீர்கள், இடப்பெயர்வில் எரிந்தது. சண்டை ஓய்ந்ததும் பிஸ்கற் பேணித் தகரத்தை வெட்டி, இருபத்துநாலில் ஒரு பங்கு அளவில் அதே பேருந்தைத் திரும்பச் செய்தீர்கள். யன்னல் கம்பியின் எண்ணிக்கைகூடத் தப்பவில்லை. பெயர் மட்டும்தான் பாக்கி.

அந்த நேரத்தில்தான் வவுனியாவில் கண் டொக்ரர் அக்காவைப் பார்த்தார். கண்ணுக்குள் அழுத்தம் கூடியிருக்கிறது, பார்வை ஓரத்திலிருந்து சுருங்குகிறது என்றார். சொட்டு மருந்தை விடாமல் போட்டு, மாதாமாதம் வந்து காட்டினால் இருப்பதைக் காப்பாற்றலாம், போனது திரும்பாது. நீங்கள் வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னீர்கள்: "மச்சான், இவளுக்குக் கண் தெரியேக்குள்ள பஸ்ஸில பேரை எழுதிக் காட்டிப்போட வேணும்." மனைவியின் கண்ணைப் பற்றி ஒரு கணவன் எடுக்கக்கூடிய முடிவுகள் பல. அதில் இதுவும் ஒன்று.

முள்ளியவளையில் பெயர்ப்பலகை எழுதுகிறவர் ஒரு பின்னேரத்தில் எழுதித் தருவதாகச் சொன்னார். நீங்கள் அவரைக் கதிரையில் இருக்கவும் சொல்லவில்லை. "இந்த அளவில உம்முடைய தூரிகை வீடு கூட்டுற தும்புத்தடி மாதிரித் தெரியும்" என்றீர்கள். பிறகு கனடாவிலிருந்து உங்கள் மகன் பன்னிரண்டு டெக்கல் தாள்களை அனுப்பினான். கண்ணாடி போன்ற மெல்லிய தாள். அதில் எழுத்தை அச்சடித்து, தண்ணீரில் ஊறவைத்தால் மேற்படலம் வழுகி வரும், எடுத்து ஒட்டவேண்டியதுதான். கொம்பியூட்டர் வந்தது, பிறின்ரர் வந்தது, ஜெனறேற்றர் வந்தது. எழுத்தை எந்த மென்பொருளில் வரைவது என்ற கேள்வியும் வந்தது.

ஓய்வுபெற்ற கணித ஆசிரியரான கந்தசாமி மாஸ்ரர் கோட்டுக் கட்சி. எழுத்தைக் கோடாகவும் வளைவாகவும் பிடித்துவைக்கும் மென்பொருள்தான் வேண்டும், எவ்வளவு சிறிதாக்கினாலும் விளிம்பு கூராக நிற்கும் என்றார். நீங்கள் புள்ளிக் கட்சி. பேருந்தின் பழைய படத்திலிருந்து எழுத்தை மட்டும் புள்ளி புள்ளியாக உள்ளே எடுத்து, அந்த நாளைய பெயின்ற் வழிசல்கூடத் தப்பாமல் அச்சடிக்கவேண்டும் என்றீர்கள். நான் நடுநிலை. இரண்டையும் ஒப்பிட்டுப் பதினேழு பக்க அறிக்கை எழுதினேன்.

முதலில் மாஸ்ரரின் கோட்டு மென்பொருள். திரையில் சாம்பல் பின்னணியில் 'மனோன்மணி' வெள்ளையாக, அழகாக நின்றது. தாளைக் கொடுத்தோம். போன தாள் போனபடியே வெறுமையாக வெளியே வந்தது. இன்னொன்று கொடுத்தோம். அதுவும் அப்படியே. "சீடி கொப்பியடிச்சது, அதுதான்" என்றார் மாஸ்ரர். வவுனியாவுக்குப் போய் வேறு சீடி வாங்குவது என்று தீர்மானித்தோம்.

அக்கா குசினி வாசலில் நின்று கேட்டா: "போற நாளைச் செவ்வாயா மாத்தினா நானும் வந்து கிளினிக்கில கண்ணைக் காட்டுவனெல்லே?"

"செவ்வாயில கடைக்காரன் கொழும்புக்குப் போறவனப்பா" என்றீர்கள்.

"மருந்தும் முடியப்போகுது."

"வாற மாதம் போவம். கண் என்ன ஓடியே போகுது?"

இரண்டு பக்கச் சோதனைச் சாவடிகளிலும் வரிசையில் நின்று போய்வர ஒரு முழு நாள். ஒரு நாளில் ஒரு வேலைதான் ஆகும். அது சீடி.

அடுத்து உங்கள் புள்ளி மென்பொருள். மூன்று தாள், மூன்றும் வெறுமை. மாஸ்ரரின் முகத்தில் அன்று கண்ட மகிழ்ச்சியை அவருடைய பேரப்பிள்ளை பிறந்தபோதும் நான் காணவில்லை. புதுப் பதிப்பு வேண்டும் என்று இன்னொரு தரம் வவுனியா. அதுவும் ஒரு வெள்ளிக்கிழமை.

மூன்றாம் தரம் பிறின்ரரையே திருத்தத் தூக்கிக்கொண்டு போனோம். நினைவிருக்கிறதா? அது செவ்வாய்க்கிழமை. அக்கா விடிய எழும்பித் தலை தோய்ந்து, கிளினிக் கொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு படலையில் நின்றா. வான் வண்டியில் எங்களுக்கு நாலு சீற். நீங்கள், நான், மாஸ்ரர், பிறின்ரர்.

"அதை மடியில வைச்சிருக்கலாமே?" என்று கேட்டா.

"குலுங்கினா உள்ளுக்குப் பழுதாப்போம்" என்றார் மாஸ்ரர்.

திருத்துகிறவர் கறுப்பில் ஒரு பக்கம் அடித்துப் பார்த்தார். பிறின்ரரில் ஒரு பழுதும் இல்லை என்று திருப்பித் தந்தார். அந்தச் செய்தியோடு நாங்கள் மிகவும் சோர்ந்து வீடு வந்தோம். அக்கா கேட்காமலே தேத்தண்ணி வைத்தா.

அதன் பிறகு ஒரு கூட்டத்தில் அவ தேத்தண்ணியைக் கோப்பைக்கு வெளியே ஊற்றினா. என் அறிக்கையின் ஒன்பதாம் பக்கம் நனைந்தது. "கண்ணைத் திறந்து ஊத்தினால் என்ன?" என்று கத்தினீர்கள். "திறந்துதான் இருக்கு" என்றா அக்கா. மாஸ்ரர் அந்தப் பக்கத்தைக் கவனமாக வெயிலில் காயவைத்தார்.

பிறகு வவுனியாவுக்குப் போகும் பாதை பூட்டுப்பட்டது. சொட்டு மருந்தும் வரவில்லை. உண்மையைச் சொன்னால் அதில் எங்களுக்கு ஒரு ஆறுதலும் இருந்தது. அதுவரை அக்காவைக் கூட்டிக்கொண்டு போகாததற்கு மாதாமாதம் புதிதாக ஒரு காரணம் கண்டுபிடிக்கவேண்டியிருந்தது. இனி ஒரே காரணம் போதும். மண்ணெண்ணெயில் ஜெனறேற்றரை இருமவைத்து நாங்கள் ஆராய்ச்சியைத் தொடர்ந்தோம். பதினொரு தாள் முடிந்தது. ஒருநாள் மத்தியானம், திரையில் அந்த வெள்ளை எழுத்து நின்றபடி நிற்க, "நெஞ்சு நோகுது" என்று கதிரையில் சாய்ந்தீர்கள். அக்கா குரல் வந்த பக்கம் கையை நீட்டிக்கொண்டு வந்தா. நீங்கள் மற்றப் பக்கம் சாய்ந்திருந்தீர்கள்.

அன்றைக்கு அவவுக்கு எவ்வளவு தெரிந்தது? நான் கேட்கவில்லை. நீங்கள் எப்போதாவது கேட்டீர்களா?

இனி வியாழக்கிழமைச் செய்தி. உங்கள் நினைவுப் புத்தகத்தை ரைப் செய்ய சுகந்தி என்ற பிள்ளை வந்தா. ஒரு கந்தோரில் கடிதம் அடிக்கிறவ. உங்கள் கொம்பியூட்டரைத் திறந்ததும், "இதென்னையா, வெள்ளை எழுத்து?" என்று கேட்டா. கோட்டுக் கொள்கை, புள்ளிக் கொள்கை இரண்டையும் மாஸ்ரரும் நானும் அரை மணி நேரம் விளக்கினோம். பிள்ளை பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னா:

"அதெல்லாம் சரி ஐயா. பிறின்ரரில வெள்ளை மை எங்க இருக்கு?"

மாஸ்ரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். பிறின்ரரைத் திறந்தோம். கறுப்பு, நீலம், சிவப்பு, மஞ்சள். வெள்ளை இல்லை. எந்தப் பிறின்ரரிலும் இருப்பதில்லையாம். வெள்ளை என்றால் அது மையை விடாமல் தாளைச் சும்மா விட்டுவிடும். என் பதினேழு பக்க அறிக்கையில் மை என்ற சொல்லே இல்லை என்பதை இங்கே பதிவுசெய்கிறேன்.

"நெத்தியில முதல் வெள்ளைப் பெயின்ற் பூசுங்கோ. தாளில எழுத்தைச் சுத்திச் சிவப்பை அடிச்சு, எழுத்தை வெறுமையா விட்டா வெள்ளை தெரியும்."

"எந்தச் சொவ்ற்வெயரில பிள்ளை அதைச் செய்யிறது?" மாஸ்ரர் கண்ணாடியைத் திரும்ப மாட்டினார். கோடா, புள்ளியா?

"நான் இப்ப தேவாரம் அடிக்கிற இதிலயே செய்யலாம்."

கடிதம் எழுதும் சாதாரண மென்பொருள், அத்தான். கொம்பியூட்டர் வந்த நாளிலிருந்து உள்ளே கிடந்தது. அதைத்தான் ஏகமனதாகத் தெரிவுசெய்தோம். வேலை இருபது நிமிடத்தில் முடிந்தது. கடைசித் தாள் கெடவில்லை.

சுகந்தியே நனைத்து ஒட்டினா. மேலே மூன்று தரம் வார்னிஷ். மாஸ்ரர் பூதக்கண்ணாடியால் பார்த்துவிட்டு, "விளிம்பே தெரியேல்லை" என்று கண் கலங்கினார். ஞாயிற்றுக்கிழமை பேருந்தை அக்காவின் மடியில் வைத்தோம்.

"எங்க எழுதியிருக்கு?"

அவவின் விரலைப் பிடித்து நெற்றியில் வைத்தேன். இடமிருந்து வலம் தடவினா. திரும்ப வந்தா. நகத்தால் மெல்லச் சுரண்டியும் பார்த்தா.

"இதில ஒண்டும் இல்லையே தம்பி."

"அதுதான் அக்கா டெக்கல்!" என்றார் மாஸ்ரர். "கைக்குத் தட்டுப்பட்டா அது ஸ்ரிக்கர்."

"முள்ளியவளை ஆள் பெயின்ரால எழுதியிருந்தா கைக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றா அக்கா. அவவுக்குத் தொழில்நுட்பம் விளங்காது என்று மாஸ்ரர் என் காதுக்குள் சொன்னார்.

அன்று முழுதும் அவ பேருந்தை மடியை விட்டு இறக்கவில்லை. தடவிக்கொண்டே இருந்தா. இப்படியே போனால் ஒரு மாதத்தில் எழுத்துத் தேய்ந்துவிடும் என்று மாஸ்ரர் எச்சரித்தார். தாளும் இனி இல்லை. ஆகவே அத்தான், உங்களுக்கு வாக்குத் தருகிறேன்: நான் இருக்கும்வரை அந்தப் பெயரில் யாருடைய விரலும் படாது. பழைய அலுமாரிக் கண்ணாடியை வெட்டி, பூட்டோடு ஒரு பெட்டி செய்யச் சொல்லிவிட்டேன்.

பெட்டி திங்கட்கிழமை வந்தது. அக்கா இப்போது கண்ணாடியைத் தடவுகிறா.

இப்படிக்கு,
உங்கள் மனைவியின் ஒரே தம்பி