நான் போய்ப் பார்க்காத கடை

அக்கா,

மழை பிடித்துக்கொண்டது. சன்னலைச் சாத்த எழுந்தபோது, கதவுக்குப் பின்னால் தொங்கும் உங்கள் மழைச்சட்டையில் தைல வாசம் அடித்தது. நீங்கள் கண்மூடி எட்டு மாதமாகியும் வாசம் போகவில்லை. சிலிபினில் நம் அலுவலகமான இந்த மாடி அறையில் நாம் இருவர்தான் முதலாளி, நாம் இருவர்தான் தொழிலாளி. இப்போது நான் ஒருத்தி. மதியம் என்ன வாங்கலாம் என்று கேட்க ஆளில்லாமல் பல நாள் சாப்பிடுவதே இல்லை.

அடுத்தவர்களுக்குக் கம்பெனி பதிந்து கொடுத்து, ஆலோசனை சொல்வது நம் பிழைப்பு. புது ஆள் யார் வந்தாலும் அவர் கொடுத்த விலாசத்துக்கு மோட்டார் சைக்கிளில் கிளம்பிவிடுவீர்கள். "திருட்டுப் பணம் நம்மள மாதிரி ஆபீஸ்லதான் குளிச்சிட்டு வெளிய போவும். கண்ணால பாக்காம கையெழுத்துப் போட மாட்டேன் லா" என்பீர்கள். "நீங்க தபால்காரியா போயிருக்கலாம்" என்று கேலி செய்வேன்.

கம்பெனி பதிய அந்த மனிதர் வந்த அன்று உங்களுக்கு மருத்துவமனையில் ஊசி. "நானும் உங்க தோட்டந்தாம்மா" என்றார். என் அப்பா பெயரைச் சொன்னார், அவர் தீ மிதித்ததைச் சொன்னார். ரப்பர் தோட்டத்தை அழித்துச் செம்பனை நட்டு, எங்கள் வீடுகளையும் இடித்த பிறகு அப்பா பெயரைச் சொல்ல எனக்கு யார் இருக்கிறார்கள்? உருகிப்போனேன். குனோங் ராபாட்டில் கடை என்றார். நம்ம தோட்டத்து ஆளைச் சந்தேகப்பட வெட்கமாக இருந்தது. போகாமலே 'நேரில் பார்த்தாயிற்று' என்று விண்ணப்பப் பாரத்தில் எழுதினேன். மறுநாள் நீங்கள் அதன் கீழே கையெழுத்துப் போட்டீர்கள்.

நீங்கள் போன பிறகு அதிகாரிகள் வந்தார்கள். அந்த விலாசத்தில் பூட்டிய கதவுதான் இருந்ததாம். யார் யாரையோ ஏமாற்றிய பணம் அந்தக் கம்பெனி வழியாகப் போயிருக்கிறது. "இது யார் கையெழுத்து?" என்றார்கள். "அக்காவோடது" என்றேன். பொய்யில்லை. அதற்கு மேல் வாய் திறக்கவில்லை, பயந்துவிட்டேன். வைத்தியச் செலவுக்குக் காசு வாங்கிக்கொண்டு போட்டீர்கள் என்று புந்தோங் வட்டாரம் முழுக்கப் பேச்சு.

நேற்று உங்கள் வீட்டுக்காரர் வந்து நின்றார்.

"ஏம்மா, அவ காசு வாங்கினாளா? நீ சொன்னா நம்புறேன்."

"இல்லண்ணே. நாந்தான் கடைக்குப் போவல. போனதா எழுதிட்டேன்."

அவர் திட்டவில்லை. "இத சொல்ல இத்தன மாசமா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் படியிறங்கினார். இன்று காலை அதிகாரியிடமும் போய் எழுதிக் கொடுத்துவிட்டேன். உரிமம் போகலாம், அதற்கு மேலும் ஆகலாம். ஆகட்டும்.

பயம்கூடக் குறைந்துவிட்டது, அக்கா. குறையாதது ஒன்றுதான். பாரத்தை நான் நீட்டியபோது ஊசி போட்ட கை வீங்கி, பேனா பிடிக்கவே சிரமப்பட்டீர்கள். "கடை எப்படி இருந்துச்சு?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் மாட்டியிருப்பேன். "நீ பாத்துட்டில்ல, போதும்" என்று போட்டுவிட்டீர்கள். ஊரில் ஒருவரையும் நம்பாத நீங்கள் என்னை நம்பினீர்கள்.