சுவீடன்காரரின் சாதி

1991 மார்ச் 3, ஞாயிறு

காலையில் இருந்து தூறல். பாண், பால், பருப்பு வாங்கவேண்டும். ஹீட்டர்காரனுக்கு போன்.

அண்ணை கோலியர்ஸ் வுட்டில் இருந்து வந்தார். என் மகள் சுமதி கட்ட இருக்கும் எரிக் பற்றித்தான் கதை. அமெரிக்கப் பெடியன், நல்ல குணம், இங்கே பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறான். அண்ணைக்கு அது போதாது. பூர்வீகம் விசாரிக்க வேண்டுமாம். சுவீடனில் இருந்து அமெரிக்கா போன குடும்பம் என்றேன். "அங்க என்ன ஆக்களாம்?" என்றார். வெள்ளைக்காரனுக்கும் சாதி பார்க்கிற மனிசர். முப்பது வருசம் லண்டனில் இருந்து என்ன பிரயோசனம்? தூ.

ஆனால் அவர் வராவிட்டால் கல்யாணத்துக்குச் சொந்தம் ஒன்றும் வராது. சுமதிக்குத் தாயும் இல்லை. வெறும் மண்டபத்தில் அவளை எப்படி இருத்துவது?

மார்ச் 7, வியாழன்

காலை ஷிப்ட். கால் வீக்கம்.

எரிக்கிடம் பூர்வீகம் கேட்க எனக்கு வெட்கம். சுமதிதான் கேட்டாள், எங்கள் வழக்கம் என்று. அவனுக்குப் பெரிய சந்தோஷம். தன் குடும்பத்தைப் பற்றி இவ்வளவு அக்கறையாக ஒருவரும் கேட்டதில்லையாம். மூன்று பக்கம் டைப் அடித்துத் தந்தான்.

பூட்டன் பெயர் கார்ல். சுவீடனில் ஊரான் காணியில் கூலி. இரண்டு வருசம் விளைச்சல் இல்லை. ஒரு பெட்டியோடு கப்பல். பிறகு மினசோட்டாவில், ரயில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், முடிதிருத்தும் கடை. அதை வைத்தே ஆறு பிள்ளைகளைப் படிப்பித்திருக்கிறார்.

வாசிக்க நெஞ்சு நிறைந்தது. அடுத்த நிமிடம் அண்ணையின் முகம் ஞாபகம் வந்தது. முடி வெட்டினவரின் வம்சம் என்று தெரிந்தால் வாசற்படி மிதிக்கமாட்டார்.

மார்ச் 9, சனி

வெயில். ஆனாலும் குளிர்.

செய்துவிட்டேன். எரிக் தந்த தாளில் கூலி, முடிதிருத்தும் கடை என்ற வரிகளுக்கு மேல் வெள்ளை மை பூசி, சந்திக் கடையில் போட்டோகொப்பி. தெரியவே இல்லை. மிச்சம் காணி, கப்பல், ஆறு பிள்ளைகள்.

பின்னேரம் அண்ணை வந்து, கண்ணாடி போட்டு இரண்டு தரம் வாசித்தார்.

"கமக்காரர், காணியில பயிர் செய்யிற ஆக்கள். அப்ப எங்கட ஆக்கள் மாதிரித்தான்," என்றார்.

பிறகு தேத்தண்ணியும் வடையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நான் செய்தது கள்ள வேலைதான். ஆனால் என்னிடம் அந்தச் சாதிப் பேய் இல்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

மார்ச் 17, ஞாயிறு

மழை. எரிக்குக்கு மத்தியானச் சாப்பாடு. கோழி, கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு. உறைப்பு கூடிப்போனது, பாவம். அண்ணையும் வந்தார்.

சாப்பாடு முடிந்து கதைத்துக்கொண்டிருக்க, எரிக் எழும்பி ஒரு சின்னப் பெட்டியை இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினான். உள்ளே ஒரு சவரக்கத்தி. கொம்புப் பிடி. பூட்டனுடையதாம். குடும்பத்தில் மூத்தவருக்குப் போகிற பொருளாம். அவனுக்குத் தகப்பன் இல்லை, இனி நான்தானாம். இதால்தான் பூட்டன் ஊருக்கெல்லாம் சவரம் செய்தவர் என்று பெருமையாகச் சொன்னான்.

அண்ணை உடனே எழும்பினார். கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு போய்விட்டார். போகட்டும், தொலைந்தது சனியன். என்ன மனிசர் இவர்!

கத்தியை எடுத்துப் பார்த்தேன். திரும்பப் பெட்டியில் வைத்தேன். எரிக்கின் தோளில் தட்டி நன்றி சொன்னேன். நல்லபடியாக நடந்துகொண்டேன் என்றுதான் நினைத்தேன்.

மார்ச் 18, திங்கள்

சுமதி வேலைக்குப் போகவில்லை. குசினியில் வந்து எதிரே இருந்தாள். பெரியப்பா கோபித்துப் போன கவலை என்று நினைத்து ஆறுதல் சொல்லத் தொடங்கினேன். அவரை விடுங்கோ என்றாள்.

"அப்பா, அந்தக் கத்தியைத் தொட்டுப்போட்டு ஏன் காற்சட்டையில கையைத் துடைச்சனீங்கள்?"

துடைத்தேனா? ஞாபகம் இல்லை என்றேன்.

"எரிக்கும் கண்டவர். கையில கறி பட்டிருக்கும் எண்டு சொன்னனான்."

நான் கை கழுவிவிட்டு வந்துதான் பெட்டியை வாங்கினேன்.