சராசரியில் சேராதவர்கள்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் நலம். படியேறும்போது மட்டும் முழங்கால் தன் இருப்பை ஞாபகப்படுத்துகிறது. அதைப் பெரிதுபடுத்தி டாக்டருக்குப் போன் போடாதே. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? கடையில் நின்றபடியே விழுங்குவதை நான் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை.

போன வாரம் நீ கேட்டதற்கு, முடியாது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். நாற்பத்தொரு வயதில் கடை வேலையை விட்டுவிட்டு மூன்று வருடம் மார்க்கெட்டிங் படிக்கப் போகிறேன், கல்விக் கடனுக்கு இந்த வீட்டை ஈடு காட்டி நீங்கள் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டால், எந்தத் தாய்க்கும் முதலில் வாயில் வருவது அந்தச் சொல்தான். ஆனால் காரணம் சொல்லாமல் மறுப்பது மரியாதைக் குறைவு என்று எங்கள் கான்வென்ட்டில் சொல்லி வளர்த்தார்கள். ஆகவே காரணம் தேடிப் புறப்பட்டேன்.

நீ அனுப்பிய விளம்பரத் தாளோடு அந்தக் கல்லூரியின் கிளை அலுவலகத்துக்கே போனேன். நம் ஊரில் பழைய சினிமா கொட்டகை இருந்த இடத்தில்தான் திறந்திருக்கிறார்கள். டிக்கெட் கொடுத்த ஜன்னல் பக்கம் இப்போது ஒரு கண்ணாடி மேஜை. அதற்குப் பின்னால் ஓர் இளைஞர். சட்டையை இஸ்திரி போட்டிருந்தார். கைப்பட்டன் ஒன்று இல்லை. பட்டதாரிகளின் சராசரிச் சம்பளம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்ததைக் காட்டி, இது யார் யாரைக் கேட்டு எடுத்த கணக்கு என்றேன்.

“படிச்சு முடிச்ச எல்லாருக்கும் மெயில் அனுப்புவோம்மா. பதில் போட்டவங்க சம்பளத்தைக் கூட்டி வகுக்கறதுதான்” என்றார்.

வேலை கிடைக்காதவர்கள் பதில் போடுவார்களா என்று கேட்டேன். அவர் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டார். “நானும் இங்க மார்க்கெட்டிங் படிச்சவன்தாம்மா” என்றார். அப்படியானால் இந்தச் சராசரியில் நீங்கள் இருக்கிறீர்களா என்றேன். “நான் பதில் போடலை” என்று சிரித்தார். சிரித்த பிறகு அந்தச் சிரிப்பு அவருக்கே பிடிக்கவில்லை போலிருந்தது. படிக்க வாங்கிய கடனில் பாதி இன்னும் நிற்கிறதாம்.

மறுக்கக் காரணம் கிடைத்துவிட்ட திருப்தியோடு எழுந்தேன். இருந்தாலும் மனம் கேட்காமல், படிக்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறதா என்றேன். அவர் சொன்னார்: “படிச்சது தப்பில்லம்மா. கையில இருந்த வேலையை விட்டுட்டுப் படிச்சதுதான் தப்பு. சாயங்கால வகுப்பு ஒண்ணு இருக்கு. ஒரு வருஷம் கூடுதலா ஆகும், ஆனா பீஸ் பாதிதான். அதே பட்டம். அதை நாங்க விளம்பரம் பண்றதில்ல.” விற்பனை படித்தவர், கடையில் வெளியே வைக்காத சரக்கை எடுத்து எனக்குக் காட்டினார். உன் ஊர் வளாகத்திலும் அந்த வகுப்பு உண்டாம்.

பேருந்தில் வரும்போது கணக்குப் போட நினைத்தேன். உன் அப்பா நினைவில் வந்து உட்கார்ந்துகொண்டார். சோப்புக் கம்பெனிக்காக ஊர் ஊராய் அலைந்துவிட்டு வந்தாலும், சாப்பாட்டு மேஜையில் உன்னோடு அந்த விளையாட்டு இல்லாமல் அவருக்கு முடியாது. கைக்குக் கிடைத்ததை உன் முன்னால் வைத்து, “எங்க, இதை அம்மாகிட்ட வித்துக் காட்டு” என்பார். ஒருநாள் என் சீப்பையே என்னிடம் விற்றாய். “அம்மா, உங்க முடி இவ்வளவு அழகா இருக்கே, அது இந்தச் சீப்புக்குத் தெரியும். வேற யார்கிட்டயும் போக மாட்டேங்குது” என்றாய். உனக்கு அப்போது எட்டு வயது. நான் காசு கொடுத்து வாங்கினேன். அப்பா மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

பிறகு அவருடைய கம்பெனிக்குப் பட்டதாரிப் பையன் ஒருவன் வந்தான். அவனைக் கடை கடையாக அழைத்துப் போய், எந்த முதலாளி எதற்குக் கோபிப்பார் என்பது வரை சொல்லிக்கொடுத்தது அப்பாதான். ஆறு மாதத்தில் அவன் அவருக்கு மேலதிகாரி. “சார்னு கூப்பிட்டா சம்பளத்துல பிடிக்கவா போறாங்க?” என்று வீட்டில் கேலியாகத்தான் சொன்னார். நானும் சிரித்தேன். ஆனால் அதற்குப் பிறகு மேஜையில் அந்த விளையாட்டு நடக்கவில்லை. நீ ஓரிரு முறை சீப்பைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாய், அப்புறம் விட்டுவிட்டாய்.

“கடைக்குப் புதுசா வர்ற பட்டதாரிங்களுக்கு நான்தாம்மா எல்லாம் சொல்லிக்கொடுக்கறேன். கொஞ்ச நாள்ல அவங்க மேனேஜராகிக் கண்ணாடி ரூமுக்குள்ள உக்காந்துக்கிட்டு, ஆள் விட்டு என்னைக் கூப்பிடறாங்க” என்று நீ போனில் சொன்னாயே, அதை நான் சம்பளக் குறை என்றே எடுத்துக்கொண்டேன். பேருந்தில்தான் அது காதில் சரியாக விழுந்தது. என் நிறுத்தம் தாண்டிப் போய் இறங்கினேன்.

ஆகவே என் முடிவைக் கேள். வேலையை விட்டுப் படிக்கும் படிப்புக்கு என் கையெழுத்து கிடையாது. அதில் முழுக் கடனும் ஏறும், மூன்று வருடச் சம்பளமும் போகும், அடைத்து முடிக்கும்போது உன் வயது ஐம்பத்தைந்தைத் தொட்டிருக்கும். சாயங்கால வகுப்பு என்றால் போடுகிறேன். சம்பளம் எவ்வளவு கூடும் என்று அந்தத் தாளை நம்பி நான் எழுத மாட்டேன். கூடாமலே போகவும் கூடும். அப்போதும் தவணை உன் இப்போதைய சம்பளத்துக்குள் அடங்குகிறதா என்று இரண்டு முறை போட்டுப் பார்த்தேன். இறுக்கமாக இருந்தாலும் அடங்குகிறது. கடையில் காலை ஷிப்டு கேட்டு வாங்கிக்கொள். கெஞ்சாதே, கேள்.

ஒன்று மட்டும். நீ அந்தக் கண்ணாடி அறைக்குள் போய் உட்காரும் நாள் வந்தால், உனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர்களை ஆள் விட்டுக் கூப்பிடாதே. எழுந்து போய்ப் பார்.

கடன் பத்திரங்களை நீ தபாலில் அனுப்பினால் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பலாம் என்கிறார் வங்கி மேலாளர். அது அவருக்குப் போதும், எனக்குப் போதாது. நீ நேரில் வா. காலையில் வந்து மாலை ரயிலுக்கு ஓடுகிற வரவு வேண்டாம், லீவு போட்டுவிட்டு வா. எடுத்த காரியம் உனக்கு நல்லபடியாகக் கைகூடட்டும். ஆனால் இப்போதே சொல்லிவிடுகிறேன்: நீ வந்து நாலு நாளாவது ஆகாமல், இந்த வீட்டில் எனக்குப் பேனா அகப்படாது.

ஆசிகளுடன்,
அம்மா