நீ எக்கோவில் எழுதிய வரிகள்

டேய், நீ தட்டிய வரிகள் கிடைத்துவிட்டன, அத்தனையும், பழைய டிஸ்க்கில், இன்று காலையில்!

கழற்றி வைத்திருந்ததைச் சும்மா மாட்டிப் பார்த்தேன். லினக்ஸ் எழுந்தது. தட்டுகிற கட்டளைகளையெல்லாம் அது ஒரு கோப்பில் சேர்த்து வைக்குமே, அதைத் திறந்தேன். அப்போதிருந்து உட்கார முடியவில்லை. அறைக்குள்ளேயே நடந்துகொண்டிருக்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தட்டியவைதான். வெளிநாட்டிலிருந்த என் அக்கா, மகள் பேசியதைப் பதிந்து தன் வலைப்பக்கத்தில் போட்டிருந்தாள். போனில் அந்தக் குழந்தை வாயே திறக்காது. "எங்க ரூம்லயே கேக்கலாம், வாங்கப்பா" என்று பெருமையடித்து, பல்லடத்திலிருந்து அப்பாவை நம் சரவணம்பட்டி அறைக்கு வரச் சொல்லிவிட்டேன். ஒலிக்கான பிளக்-இன்னைப் போட்டால் பிரௌசர் செத்துச் செத்து விழுந்தது.

"சோர்ஸ் கோடக் கண்ணுலயே காட்டாதவன் பைல, ரூட்டா உக்காந்து போடறயே, நீயெல்லாம் ஒரு லினக்ஸ்காரன்!" என்று திட்டிவிட்டுக் குளிக்கப் போனாய். பிளக்-இன் பழைய லைப்ரரியைக் கேட்டது. நான் அவசரத்தில், எதையும் மாற்றவிடும் அந்த ரூட் அதிகாரத்தோடு, எல்லா நிரல்களும் நம்பியிருந்த புதிய லைப்ரரியின் இடத்திலேயே பழையதைத் தூக்கிப் போட்டேன். அவ்வளவுதான். அதன்பின் நான் தட்டிய எந்தக் கட்டளையும் ஓடவில்லை.

அதே நேரம் அப்பா உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தார். பதற்றத்தில், கட்டளை தட்டத் திறந்திருந்த ஒரே டெர்மினலை மூடப் போனேன். தலை துவட்டியபடி வந்த நீ என் கையைப் பிடித்தாய். "விண்டோவ மூடிப்போட்டீன்னா தொலஞ்சோம்டா, இன்னொண்ணு தொறக்காது" என்றாய், காதோடு.

"ஏனுங்க தம்பி, சத்தம் எப்பங்க வரும்?" என்றார் அப்பா.

"இதா வந்துருமுங்கப்பா. கம்ப்யூட்டரு தூங்கிப்போச்சுங்க, எழுப்பிட்டிருக்கேன்" என்றாய் நீ.

அவருக்குத் தெரியாமல் என்னோடு பேச உனக்கு ஒரே வழிதான். அந்த டெர்மினலில் எக்கோ போன்ற ஓரிரு கட்டளைகள் மட்டும் உயிரோடிருந்தன. எக்கோ, கொடுப்பதை அப்படியே திரையில் திருப்பிக் காட்டும். ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டினாய். "பயப்படாத கண்ணு." "மூஞ்சிய மாத்து, அப்பா பாக்கறாரு." நடுநடுவே, லைப்ரரியே தேவைப்படாத ஒரு கட்டளையால் புதிய லைப்ரரியை அதன் இடத்தில் சேர்த்தாய். பழையதைத் தனியே வைத்து, பிரௌசருக்கு மட்டும் காட்டினாய்.

ஸ்பீக்கர் கரகரத்தது. குழந்தை தாத்தாவைக் கூப்பிட்டது. "அப்புச்சீ..."

இந்த வரிகளெல்லாம் நான் அன்றே படித்தவை. ஆனால் கடைசியில் ஒன்று இருக்கிறது, இன்றுதான் பார்த்தேன். "அப்பா அழுகறாரு. திரும்பாத."

அதற்குள் நான் திரும்பிவிட்டிருந்தேன்டா.

மஞ்சள்காமாலை உன்னைக் கொண்டுபோய் ஒரு வருடம் ஆகப் போகிறது. அன்று சேமித்துக்கொண்ட குழந்தையின் குரல் இன்னும் அந்த டிஸ்க்கில் இருக்கிறது. உன் குரலை நாங்கள் யாரும் பதிந்து வைக்கவில்லை. ரூட்டாக எதையும் தொடும் முன், இன்றும் இன்னொரு டெர்மினலைத் திறந்து வைத்துக்கொள்கிறேன்.

நம் லினக்ஸ் குழு நண்பர்களே, இவன் உங்கள் கம்ப்யூட்டர்களிலும் உட்கார்ந்திருப்பான். அந்தக் கோப்பைத் திறந்து எக்கோ என்று தேடுங்கள். உங்களைத் திட்டியிருந்தாலும் சரி, அப்படியே எனக்கு அனுப்புங்கள்.