மதினி இருந்த ஒருபொழுது

மதினி,

காலையில் அடுப்படியில் கொள்ளு வேகிற வாசம். போய்ப் பார்த்தால் உங்கள் மகள். "கொழுத்தவனுக்குக் கொள்ளுன்னு சும்மாவா சொன்னாக அத்தை? இனி எனக்கு ஒருவேளை இதுதான். மத்த வேளைக்கு விரதம்" என்றாள். விரதமாம்! பெண் பார்த்துவிட்டுப் போன சின்னமனூர்க்காரர்கள், உடம்பைக் குறைத்தால் மேற்கொண்டு பேசலாம் என்று சொல்லி அனுப்பியதிலிருந்து இந்தக் கூத்து.

நீங்களும் இப்படித்தானே ஆரம்பித்தீர்கள். வீரபாண்டி அம்மன் திருவிழாவுக்கு ஊரே ஒருவேளைச் சோற்றோடு ஒருபொழுது இருக்கும். திருவிழா முடிந்து எல்லா வீட்டிலும் கறி வெந்த பிறகும் நீங்கள் விடவில்லை. செவ்வாய் என்றீர்கள், வெள்ளி என்றீர்கள், கிருத்திகை என்றீர்கள். இளைப்பதற்குப் பட்டினி என்றால் சிரிப்பார்கள், சாமிக்கு என்றால் கும்பிடுவார்கள். "ஆத்தா பேரைச் சொன்னா ஒரு பய வாயைத் திறக்க மாட்டான்டி" என்று என்னைப் பார்த்துக் கண்ணடிப்பீர்கள்.

கொஞ்சம் இளைத்தீர்கள். பிறகு முன்னைவிடப் பெருத்தீர்கள். ஒளித்து வைத்துத் தின்கிறாள் என்று தெருவில் பேசினார்கள், அவர்கள் வாயில் மண்ணைப் போட!

சுகர் வந்த பிறகு தேனிக்குக் கூட்டிப்போனேன். டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார். "கொழுப்பு சும்மா கட்டி வச்ச மூட்டை இல்லம்மா. இருப்பு இவ்வளவு இருக்குன்னு கொழுப்பு அணுக்கள் மூளைக்குச் சேதி அனுப்பிக்கிட்டே இருக்கும். உடம்பு பெருத்தா சேதி ஓயாமப் போகும், மூளை அதைக் காதுலயே வாங்காது. பட்டினி கிடந்தா சேதி படக்குன்னு குறையும். பஞ்சம் வந்துருச்சுன்னு மூளை பயந்து பசியை ஏத்தும், உடம்போட செலவைச் சுருக்கும்." அணுக்களில் இடம் கொள்ளாத கொழுப்பு ஈரலில் போய்ப் படிவதால் சுகரும் ஏறும் என்றார். "மாத்திரையப் போட்டுட்டு வெறும் வயித்தோட மட்டும் இருக்காதீங்க, சுகர் ஒரேடியா இறங்கிரும்."

பஸ்ஸில், "வைகை அணை நிறைஞ்சா ஊருக்குள்ள தண்ணி வர்ற மாதிரியாக்கும்" என்று சிரித்தீர்கள். கொஞ்ச தூரம் போனதும், "எம்மேல தப்பில்லன்னு ஒருத்தராவது சொன்னாகளே" என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டீர்கள்.

அப்படியும் ஒருபொழுதை விடவில்லையே மதினி. அந்த வெள்ளிக்கிழமை மாத்திரையைப் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு தோட்டத்துக்குப் போனீர்கள். வேர்த்து, நடுங்கி, என்னமோ உளறியிருக்கிறீர்கள். விரதக்காரி மேல் ஆத்தா இறங்கிவிட்டாள் என்று கூட வேலை பார்த்தவர்கள் கும்பிட்டு, தள்ளி நின்றிருக்கிறார்கள். சுகர் இறங்கியது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒரு வாய் சீனித் தண்ணீர் கொடுத்திருந்தால் பிழைத்திருப்பீர்கள். தலைக்கு மேலே பந்தல் முழுக்கத் திராட்சை பழுத்துத் தொங்கியது. அதை நினைத்தால் இன்றைக்கும் ஆறவில்லை.

மத்தியானம் சின்னமனூருக்குப் போன் போட்டு, இந்த இடம் எங்களுக்குத் தோது வராது என்று சொல்லிவிட்டேன். உங்கள் மகள் என் மேல் கோபப்பட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். வாசலில் உட்கார்ந்து, டாக்டரம்மா சொன்னது, அந்தப் பந்தலடியில் நடந்தது, எல்லாவற்றையும் முதல் தடவையாக அவளிடம் சொன்னேன்.

"பசிக்குதா ஆத்தா?" என்று கேட்டேன்.

உள்ளேயிருந்து, "பசிக்குது அத்தை" என்றாள்.

இந்த வீட்டில் இருந்தவரைக்கும் உங்கள் வாயிலிருந்து நான் கேட்காத சொல், மதினி. கதவு திறப்பதற்குள் நான் அழுதுவிட்டேன்.