நாவூறு

எசன்,
மேற்கு ஜேர்மனி,
4-5-1986

அன்புள்ள யோகத்துக்கு,

சின்னவளுக்குக் காய்ச்சல் மாறிவிட்டது என்று எழுதியிருந்தாய், நிம்மதி. இங்கத்தைய புதினம் ஒரு வெட்கக் கேடு. ஞாயிறு காலை யாரோ கதவைத் தட்ட, விசாக் கந்தோர்க்காரர் என்று பயந்து, சாரத்துக்கு மேலே கோட்டும் போட்டு, கழுத்துப் பட்டியும் கட்டிக்கொண்டு திறந்தேன். வந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மரியாதைக்காகக் கூரையைப் பார்த்தார். மகன் நகுலேசன் சிரித்த சிரிப்பு இந்த அகதி விடுதி முழுக்கக் கேட்டிருக்கும்.

வந்தவர் அமெரிக்காவில் ஒரு கல்லூரியின் கால்பந்துப் பயிற்சியாளர். நம்முடைய மகன் இங்கே கழகத்துக்கு விளையாடுவதை ஒளித்திருந்து பார்த்திருக்கிறார். இருப்பது ஒரே இடம். அதற்கு இவனும் ஒரு துருக்கிப் பெடியனும். "கால் திறமை இரண்டு பேருக்கும் ஒன்றுதான். அதை மைதானத்தில் பார்ப்பேன், குணத்தை வீட்டில் பார்ப்பேன்" என்றார். எடுபட்டால் படிப்பு, சாப்பாடு, விசா எல்லாம் கல்லூரியின் பொறுப்பு. இங்கே அகதி விண்ணப்பம் முடியும்வரை இவனுக்கு வேலையும் இல்லை, அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்படிப்பும் இல்லை. நாள் முழுக்கச் சுவருக்குத்தான் பந்து அடிக்கிறான்.

என் ஆங்கிலம் எட்டாம் வகுப்பு வாசலில் நின்றுவிட்டது உனக்குத் தெரியும். ஆகவே மகனே நடுவில் இருந்து மொழிபெயர்த்தான்.

"அப்பா, நான் எப்பிடிப்பட்ட பிள்ளையெண்டு கேக்கிறார்."

பெற்ற வாயால் புகழ்ந்தால் நாவூறு பட்டுப் பிள்ளைக்குக் கெடுதல் வரும் அல்லவா? "சரியான சோம்பேறி, சொல்வழி கேளாத கழுதை, தோத்தா முகத்தைத் தூக்கி வைச்சிருப்பான் எண்டு சொல்லு" என்றேன்.

"அப்பிடியே சொல்லவோ?"

"அப்பிடியே சொல்லு. பொய் சொல்லாதை."

சொன்னான். அந்த மனுசன் தலையை மெல்ல ஆட்டினார். பணிவான குடும்பம் என்று மெச்சியிருப்பார். வடை கட்டிக் கொடுத்து அனுப்பினேன்.

இப்படிக்கு,
உன் கோட்டுப் போட்ட சாரக்காரன்,
இராசலிங்கம்

*

கோண்டாவில்,
29-5-1986

அன்புள்ள இவருக்கு,

கோட்டுக் கதையை வாசித்துச் சிரித்தேன். மிச்சத்தை வாசித்துவிட்டு அடுப்படியில் போய் இருந்துவிட்டேன்.

இஞ்சருங்கோ, நீங்கள் பக்கத்து வீட்டுத் தேவமலரக்காவிடம் அப்படிச் சொன்னால், "சும்மா இரும் தம்பி, உம்மடை பிள்ளை தங்கமெல்லே" என்று அவ திருப்பிச் சொல்லுவா. நாங்கள் ஏச வேணும், மற்றவை எடுத்துப் பேச வேணும். அதுதானே முறை? அந்த வெள்ளைக்காரனுக்கு மற்றப் பாதி தெரியுமோ? அவர் முழுக்க நம்பிக்கொண்டு போயிருப்பார்.

இன்னொன்று. பிள்ளை நினைத்திருந்தால் ஒரு சொல்லை மாற்றிச் சொல்லியிருக்கலாம். உங்களுக்கு விளங்கியிருக்குமோ? அவன் மாற்றவில்லை. அதற்கு மேல் அந்த மனுசனுக்கு என்ன குணம் வேணுமாம்?

ஆரையேன் பிடித்து உடனே அவருக்கு எழுதுங்கோ.

யோகம்

*

எசன்,
20-7-1986

அன்புள்ள யோகத்துக்கு,

உன் கடிதம் கண்டதும் விடுதியில் இருக்கிற விமலநாதனைக் கொண்டு ஆங்கிலத்தில் எழுதிப் போட்டேன். அது போய்ச் சேர முதலே, இடம் துருக்கிப் பெடியனுக்கு என்று அவருடைய கடிதம் வந்துவிட்டது. அந்தப் பெடியனின் தகப்பன் மகனைக் கட்டிப்பிடித்து, "என் சிங்கம்" என்று அழுதாராம். நம்முடைய பிள்ளையைப் பற்றி, "திறமை உண்டு, ஆனால் குணத்தைப் பெற்ற தகப்பனே நம்பவில்லை" என்று எழுதியிருந்தது. அதையும் நகுலேசன்தான் எனக்கு வாசித்துச் சொன்னான். அதிலும் ஒரு சொல்லை மாற்றவில்லை.

அதற்குப் பிறகு சுவரில் பந்துச் சத்தம் இல்லை. போன கிழமை தானே கந்தோருக்குப் போய், ஊருக்குத் திரும்பச் சம்மதம் என்று கையெழுத்து வைத்துவிட்டு வந்தான். பதினெட்டு வயது, என் கையெழுத்துத் தேவையில்லையாம். மறித்தேன். "சொல்வழி கேளாத கழுதையப்பா நான்" என்றான். சிரிக்காமல் சொன்னான்.

அடுத்த மாதக் கடைசி வெள்ளி விமானம். வீட்டை விட்டு வெளியே விடாதே.

இராசலிங்கம்

*

கோண்டாவில்,
2-10-1986

இவருக்கு,

வந்தான். மெலிந்திருந்தான். சின்னவளுக்குப் பந்து அடிக்கப் பழக்கினான். போன செவ்வாய் கடைக்குப் போனவன் திரும்பவில்லை. இயக்கத்துக்குப் போய்விட்டான்.

கூடப் போன பெடியன் ஒருத்தன் தாயிடம் சொல்லி அனுப்பியிருக்கிறான். அங்கே ஆள் எடுக்கிறவை, "ஓடுவியோ?" எண்டு மட்டுந்தான் இவனிட்டைக் கேட்டவையாம். குணத்தைப் பற்றித் தகப்பனிட்டையும் கேக்கேல்லை, தாயிட்டையும் கேக்கேல்லை.

இனி எனக்குப் பகிடி எழுத வேண்டாம்.

யோகம்

*

எசன்,
11-1-1987

அன்புள்ள யோகத்துக்கு,

இதற்கு முன் போட்ட கடிதங்களுக்கு உன்னிடமிருந்து பதில் இல்லை. தபால் பிழையோ, என் பிழையோ, கேட்கவில்லை. இதில் பகிடி ஒன்றும் இல்லை, பயப்படாமல் வாசி.

விமான நிலையத்தில் அவன் உள்ளே போகும்போது, "வடிவாச் சாப்பிடு, சேட்டுப் பொத்தானைப் பூட்டு" என்றுதான் சொன்னேன். அவன் பொத்தானைப் பூட்டினான். வேறு ஏதாவது வரும் என்று கொஞ்ச நேரம் நின்றான். பின்னால் நின்றவர்கள் தள்ள, போய்விட்டான்.

எப்போதாவது அவன் வாசலுக்கு வந்தால், இல்லை அவனிடம் போகிற ஒருவரைக் கண்டால், கீழே உள்ளதை வாசித்துக் காட்டு. ஒரு சொல்லையும் மாற்றாதே. அன்றைக்கு அவன் என் ஏச்சையெல்லாம் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தபோது, நெஞ்சுக்குள் இருந்தது இதுதான். வாயில் வர விடவில்லை. இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது. நாவூறு நாவுக்குத்தானே, பேனைக்கு இல்லையே என்று எழுதுகிறேன்.

என்ரை பிள்ளை நல்ல பிள்ளை.

இராசலிங்கம்