இரையாத கணினி

அன்புள்ளவளுக்கு,

நான் தெரிவு செய்த கணினியைக் கேட்காமல் மாற்றி வாங்கியது நீ எனக்குச் செய்த அநியாயம். எவரிடமும் படிக்காமல் ஹார்மோனியம் வாசிக்கிறவனுக்கு, பாட்டுப் பதிய எது நல்லது என்று தெரியாதா?

நான் தேத்தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில், வெளிச்சம் மின்னிய அந்தப் பெரிய பெட்டியில் நீ காதை வைத்துப் பார்த்தாயாம். நீ கேட்டதைக் கடைக்கார ஜுனைட் பிறகு என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

“தம்பி, இது எங்கட வள்ளத்து எஞ்சின் மாதிரி இரையுது. இவற்ற பாட்டைப் பதியிறதோ, இந்த இரைச்சலைப் பதியிறதோ?”

பழைய மடிக்கணினி ஒன்றையும், மிச்சக் காசுக்கு நல்ல மைக்கையும் எடுத்தாய். வங்காலை வரும் வரை பஸ்ஸில் நான் உன்னோடு கதைக்கவில்லை.

நேற்றுப் பாடிப் பதிந்து கேட்டேன். என் குரலைத் தவிர வேறொரு சத்தமும் இல்லை. நன்றி. இதை ஒருமுறைதான் எழுதுவேன்.

தங்கை வீட்டில் வாய் பேசாமல் இருக்கும்படி டாக்டர் சொல்லியிருக்க, தொலைபேசியில் அழைத்தால் நீ பேசாமல் இருக்கமாட்டாய் என்றுதான் கடிதம். தொண்டைச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு உன் குரல் எப்படி இருக்கும் என்று டாக்டர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அதற்கு முன் ஒரு பாட்டுக்கு அனுமதி தந்திருக்கிறார்.

சனிக்கிழமை உன் தங்கை உன்னை வவுனியாவில் பஸ் ஏற்ற வேண்டும். மகள் மின்விசிறியை நிறுத்தி, கோழிகளை அயல்வீட்டில் விட வேண்டும். நீ கோயிலில் பாடும் தவக்காலத்து ஒப்பாரி வேண்டாம். பிள்ளைகளுக்குப் பாடிய தாலாட்டை நீ அந்த மைக்கில் பாட வேண்டும். அது முடியும் வரை நான் வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
பஸ்ஸில் கதைக்காமல் வந்தவன்